மூட்டையின் நடை அறிக்கை

இருபத்திரண்டு வருடமாக நான் ஒரு தகர டப்பா தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. என் பொறுப்பில் இதுவரை ஒருவருடைய சுண்டு விரல்கூட நசுங்கியதில்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒரே விபத்து என் கல்யாணம்தான் என்று நண்பர்களிடம் சொல்வேன். இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். அவளும் அவள் தோழிகளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியில் நாற்பது பிள்ளைகள். அவள் சத்தம் போடுவதே இல்லை. தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். நாற்பதும் கப்சிப். எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடி கிடையாது. பார்வை மட்டும் உண்டு.

வீட்டில் மூன்றாவது ஆள் மூட்டை. நாய்தான். மகன் படிப்புக்காக வெளியூர் போன வாரம் வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிக்குள் துணி மூட்டைபோலச் சுருண்டு கிடந்ததால் அந்தப் பெயர். மூன்று வருடத்தில் இருபத்தெட்டு கிலோ ஆகிவிட்டது. இப்போது பெயர் வைத்தால் லாரி லோடு என்றுதான் வைக்க வேண்டும். சாயங்காலம் நான் செய்தித்தாள் படிக்கும்போது வந்து என் இரண்டு பாதங்களின் மேலும் படுத்துக்கொள்ளும். கால் மரத்துப்போகும். நான் அசைய மாட்டேன். மரத்துப்போன காலோடு எழுந்து நடப்பது ஆபத்து என்று தொழிற்சாலையில் நானே பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். ஆனால் வீடு வேறு, தொழிற்சாலை வேறு.

மூட்டையைக் காலையில் நடத்திக்கொண்டு போவது மனைவியின் வேலை. பக்கத்துப் பூங்காவில் மரங்களுக்கு நடுவே, குளத்தைச் சுற்றி, ஒரு மரப்பாலம் வழியாக இரண்டு கிலோமீட்டர் நடைபாதை. தினமும் அஞ்சரைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்தபடியே ஆலோசனை சொல்வது என் வேலை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பேருந்துச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். சாதாரணமாக உட்கார மாட்டாள். உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"ஏங்க, நாளையிலேருந்து எனக்கு ஷிஃப்ட் மாறுது. காலையில அஞ்சரைக்கே வண்டி எடுக்கப் போகணும்."

"அப்படியா? பார்த்து ஓட்டும்மா. விடியற்காலையில பனி இருக்கும். முன் விளக்கை—"

"விளக்கு எனக்குப் போடத் தெரியும். மூட்டையை யார் நடத்துறது?"

"சாயங்காலம் நடத்தலாமே."

"ராத்திரி பூரா அடக்கி வெச்சிருந்து, சாயங்காலம் வரைக்கும் அது பொறுத்துக்கணுமா? நீங்க பொறுத்துப்பீங்களா?"

கேள்வி நியாயமானது.

"அக்கா வீட்டுல பெரிய தோட்டம் இருக்கு. சுத்தி வேலி. அங்க கொண்டுபோய் விட்டுடலாம்னு பார்க்கறேன்."

அவளுடைய அக்கா வீடு ஆறு மணி நேரப் பயணம். நான் குனிந்து பார்த்தேன். மூட்டை என் பாதத்தின் மேல் மோவாயை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு சாக்ஸைத் தாண்டி உள்ளே போயிற்று.

"ஒண்ணும் வேண்டாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்களா?"

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் நான் மூட்டையை அந்த நடைபாதைக்குக் கூட்டிப் போனேன். விசையை அமுக்கினால் எட்டு மீட்டர் நீளும் கயிறு ஒன்றைக் கடையில் பார்த்து வாங்கியிருந்தேன். பூங்காவில் ஒரு பெரியவர் மரத்தில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். மூட்டை ஓர் அணிலைப் பார்த்தது. அணில் மரத்தை மூன்று முறை சுற்றியது. மூட்டையும் மூன்று முறை சுற்றியது. பெரியவர் மனம் அமைதியாகிக் கண்ணைத் திறந்தபோது மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். பூங்காக் காவலர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து, தன் நோட்டில் என் பெயரையும் தொழிலையும் எழுதிக்கொண்டார். தொழிலைச் சொன்னபோது இரண்டு தடவை கேட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பாதை என்றாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். இது மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா, நான்தான். பாதுகாப்பைப் பத்தி எனக்கே சொல்லித் தரணுமா?"

"சொல்லித் தரல. மூணு நாள் பார்க்கலாம். புதன், வியாழன், வெள்ளி. சரியா வந்தா இங்க இருக்கட்டும். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை அக்கா வீடு." அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். "நீளமான கயிறு கூடாது, குட்டைக் கயிறுதான். அதைக் கையில சுத்திக்காதீங்க. அது இழுத்தா உங்க விரல் போயிடும். கழுத்துப்பட்டையில ரெண்டு விரல் நுழையற அளவு இடம் இருக்கணும். சைக்கிள் வந்தா ஓரமா ஒதுங்கி உட்கார வைங்க. குளத்துத் தண்ணியைக் குடிக்க விடக்கூடாது. நம்ம தண்ணியை எடுத்துட்டுப் போங்க. அள்ளிப் போட பை எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்கு வந்ததும் உடம்பு பூராத் தடவி உண்ணி, முள்ளு பாருங்க."

"அவ்வளவுதானே? நான் தினமும் எழுத்து மூலமா அறிக்கையே தரேன்."

"தாங்க" என்றாள் அவள்.

அறிக்கை! அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் என் கொள்கை இதுதான்: படிவம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு 'நடை அறிக்கை' என்று ஒரு படிவம் தயாரித்தேன். நேரம், இடம், எதிர்ப்பட்டவை, எடுத்த நடவடிக்கை, கண்டறிந்த குறைகள், மேற்பார்வையாளர் குறிப்பு, கையொப்பம். மூட்டை அதை முகர்ந்து பார்த்து ஒரு மூலையை நக்கியது. அதைப் பயனாளியின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் சீருடை போட்டுக்கொண்டு அஞ்சரைக்கே கிளம்பினாள். ஆறு மணிக்கு நானும் மூட்டையும் கிளம்பினோம். பூங்கா வாசல் வரைக்கும் போனோம். வாசலில் அந்தக் காவலர் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஓர் அணில் கேட் கம்பியில் ஏறி எங்களையே பார்த்தது. மூட்டையின் காது விறைத்தது. என் உள்ளங்கை வியர்த்தது. அப்படியே திரும்பி, தெருக்கோடியில் இருக்கும் மூடிக் கிடந்த மரச்சாமான் கிடங்குக்குப் போனேன்.

கிடங்கின் பின்னால் வண்டி நிறுத்தும் மைதானம். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பாதுகாப்பு! நாலு பக்கமும் கம்பி வேலி. சிமெண்ட் தரை. மரம் கிடையாது. அணில் கிடையாது. மனிதரே கிடையாது. ஒரு சுற்று ஐம்பது மீட்டர். நாற்பது சுற்று நடந்தால் இரண்டு கிலோமீட்டர். பூங்காப் பாதையின் நீளம். கணக்கு கச்சிதம்.

நடந்தோம். பத்துச் சுற்று வரை மூட்டை என்னை நம்பியது. எங்கேயோ போகிறோம் என்று நினைத்து வாலை ஆட்டியது. இருபதாவது சுற்றில் வாலை நிறுத்தியது. முப்பதில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அது யாரிடம் கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதினேன். பூங்கா வாசலில் இருக்கும் வரைபடப் பலகை எனக்கு மனப்பாடம். '6.20: மரப்பாலம். எதிரே சைக்கிள். நாயை இடப்பக்கம் உட்காரவைத்து வழி விடப்பட்டது. 6.35: குளக்கரை. குளத்து நீர் அருந்த முயன்றது. தடுக்கப்பட்டு வீட்டு நீர் வழங்கப்பட்டது. கண்டறிந்த குறைகள்: இல்லை.' எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே அங்கே போய்வந்ததுபோல இருந்தது.

சாயங்காலம் அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

"பாலம் எப்படி இருந்துச்சு?"

நான் பச்சைக் குழந்தை இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் பாலம் போன வாரமே உடைந்திருக்கும், புருஷன் மாட்டிக்கொள்வான். அதனால் மத்தியானமே பக்கத்து வீட்டுப் பூட்டுக்காரரிடம் போனில் விசாரித்து வைத்திருந்தேன். பாலம் பத்திரமாக இருந்தது.

"உறுதியா இருக்கு. மூணாவது பலகை மட்டும் லேசா கிறீச்சுங்குது." இது பூட்டுக்காரர் இலவசமாகத் தந்த தகவல்.

அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. மூட்டையைப் பக்கத்தில் இழுத்து, காது மடல், அக்குள், வயிறு, கால்விரல் இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தடவினாள். பேருந்தை நிறுத்தியதும் கடைசி இருக்கை வரைக்கும் நடந்து போய், ஏதாவது பிள்ளை தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள். அதே கை, அதே கவனம்.

"ஒரு முள்ளுகூட ஒட்டலையே?"

"நான் அவ்வளவு கவனமா நடத்தினேன்."

"விரல் இடுக்குல மண்ணுகூட இல்ல."

"கழுவிட்டேன்."

"ம்" என்று கையெழுத்துப் போட்டாள். மேற்பார்வையாளர் குறிப்பு: 'நன்று.'

வியாழக்கிழமை மைதானத்துக்குள் நுழைந்ததுமே மூட்டை உட்கார்ந்துவிட்டது. அதைச் சுற்றி நான் மட்டும் நாற்பது சுற்று நடந்தேன். அன்றைக்கும் முள் இல்லை. அன்றைக்கும் 'ம்.' நேற்றையதைவிடக் கொஞ்சம் நீளமான 'ம்.' வெளியே போய்ப் பூட்டுக்காரரைப் பிடித்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து யாருடைய பெட்டிப் பூட்டையோ கம்பியால் குடைந்துகொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், பேசாம பூங்காவுக்குப் போயிடுங்களேன். நாயும் சந்தோஷப்படும், உங்களுக்கும் பொய் மிச்சம்."

"அண்ணே, அங்க எனக்கு உள்ளங்கை வியர்க்குது. நான் கயிறைத் தவற விட்டு, அது எங்கேயாவது ஓடிப்போயி, ஒரு வண்டியில கிண்டியில..." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "அட, அழாதீங்க சார். இப்ப என்ன, முள்ளு வேணும், அவ்வளவுதானே? பூட்டுக்குச் சாவி மாதிரி, பொய்க்கு ஆதாரம். அந்தக் கிடங்கு வேலி ஓரமா ஒட்டுமுள் செடி மண்டிக் கிடக்கு. நாலு பறிச்சு ஒட்டிவிடுங்க."

"நாலு போதுமா?"

"போதும் சார். ரொம்ப நேர்த்தியாச் செய்யாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் நேர்த்தி என் ரத்தத்தில் ஊறியது. வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு முட்களைப் பறித்தேன். மூட்டையை நிறுத்திவைத்து, முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, ஒன்றுக்கொன்று இரண்டு அங்குல இடைவெளியில் ஒட்டினேன். பூந்தொட்டி மண்ணை நனைத்து நாலு பாதத்திலும் தடவினேன். தள்ளி நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் அவள் மூட்டையின் முதுகைப் பார்த்தாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"பன்னெண்டு."

"பாதை ஓரமெல்லாம் ஒரே முள்ளு" என்றேன். "பூங்காக்காரங்க கவனிக்கறதே இல்ல."

"வயித்துல ஒண்ணும் இல்ல. கால்ல இல்ல. காதுல இல்ல."

"அது... மூட்டை கொஞ்சம் உயரம்."

"ஏங்க, செடி கீழே இருக்கு. நாய் மேலே இருக்கு. நடந்து போனா முள்ளு வயித்துலதானே ஒட்டும்? முதுகுல ஒட்டணும்னா இது பாதை பூரா மல்லாக்கப் படுத்து நீந்திட்டுப் போயிருக்கணும்."

"சில நாய்ங்க புரளும்."

"ரெண்டு வரிசையாப் புரளுமா?"

மூட்டை என்னைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. அவள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அரசுத் தரப்புச் சாட்சி.

நான் திட்டுக்குத் தயாரானேன். திட்டு வரவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். மேற்பார்வையாளர் குறிப்பு என்ற கட்டத்தில் நிறுத்தி எழுதினாள். கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். என் படிவம், என் மொழி, என்னையே கடித்தது: 'நாளை காலை நேரில் ஆய்வு.'

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. ஆறு மணிக்கு நான் தயார். ஒளிரும் மஞ்சள் சட்டை, தலைக்கவசம், கழுத்தில் விசில், முதலுதவிப் பெட்டி. அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். விசிலைக் கழற்றும்போது மட்டும், "இதை ஊதினா நாய் ஓடும், ஆள் ஓடும், நீங்களும் ஓடுவீங்க" என்றாள். கடைசியில் என் கையில் குட்டைக் கயிறும், தண்ணீர் பாட்டிலும், இரண்டு பையும்தான் மிஞ்சின.

பூங்கா வாசலில் காவலர் என்னைப் பார்த்ததும் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார். அவளைப் பார்த்ததும் உள்ளே வைத்தார்.

"முன்னாடி போங்க" என்றாள் அவள். "நான் பின்னாடி வரேன். நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க."

அவள் இல்லை என்று நினைப்பது சாத்தியமா? இருபத்தாறு வருடமாக முயன்று பார்த்துவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் மூட்டை மாறிவிட்டது. சிமெண்ட் தரையில் கிழவன்போல உட்கார்ந்துவிட்ட நாய், இங்கே மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையையும் புத்தகம்போலப் படித்தது. வால் சுழன்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் பயத்தில் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கனைப்பு. சுற்றை அவிழ்த்து, கயிற்று வளையத்துக்குள் கட்டை விரலை விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

சைக்கிள் ஒன்று வந்தது. ஒதுங்கினேன். "உட்காரு" என்றேன். மூட்டை உட்கார்ந்தது. சைக்கிள் போயிற்று. அவ்வளவுதான்! இதற்கா மூன்று நாள் நாற்பது சுற்று நடந்தேன்? குளத்துப் பக்கம் அது கழுத்தை நீட்டியது. பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினேன். குடித்தது. பாலத்தில் மூன்றாவது பலகை கிறீச்சிட்டது. பூட்டுக்காரர் வாழ்க.

திரும்பிப் பார்த்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். இடது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கிளட்ச் மிதிக்கிற கால். நீங்க போங்க. வளைவு தாண்டித் திரும்பி வாங்க."

போனேன். வளைவில், எதிரே, கயிறே இல்லாமல் ஒரு வெள்ளை நாய் வந்தது. நாய் என்று சொல்லிவிட்டேன். அரைக் குதிரை இருக்கும். ரொம்பத் தூரத்தில் ஒருவர் ஓடிவந்தபடி கத்தினார். "ஒண்ணும் பண்ணாது சார்! ஒண்ணும் பண்ணாது!" உலகத்தில் எந்த நாய் கடிப்பதற்கு முன்னாலும் இந்த வாக்கியம்தான் சொல்லப்பட்டிருக்கும்.

மூட்டையின் முதுகு ரோமம் நிமிர்ந்தது. தொண்டையில் ஓர் உறுமல். என் மண்டையில் இருந்த விதிகள் எல்லாம் பறந்துபோயின. கயிற்றை விட்டுவிட்டு மரத்தில் ஏறலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஏறியிருந்தால் மூட்டை தனியாக நின்றிருக்கும். அது ஒன்றுதான் என்னை நிறுத்தியது.

தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி திடீரென்று எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும்? ஓடக்கூடாது. கத்தக்கூடாது. வழியைவிட்டு ஒதுங்கி, பக்கவாட்டில் நின்று, அதைப் போகவிட வேண்டும். கால்கள் தானாகவே அதைச் செய்தன. பாதையைவிட்டு இறங்கினேன். மூட்டையை என் பின்னால் விட்டு நடுவில் நான் நின்றேன். கயிற்றைக் குட்டையாகப் பிடித்தேன், ஆனால் இழுக்கவில்லை. வெள்ளை நாயின் கண்ணைப் பார்க்கவில்லை. மூட்டையிடம் மெதுவாக ஏதாவது பேச வேண்டும். எனக்கு மெதுவாகப் பேசத் தெரிந்தது தீயணைப்புப் பயிற்சி அறிவிப்பு ஒன்றுதான்.

"பதற்றப்பட வேண்டாம்" என்றேன், தாலாட்டுப் பாடுவதுபோல. "இது பயிற்சி மட்டுமே. அவரவர் இடத்தில் அமைதியாக நிற்கவும். ஒருவரை ஒருவர் தள்ள வேண்டாம். மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்."

மின்தூக்கி வரைக்கும் வந்தபோது உறுமல் நின்றது. மூட்டை என் கெண்டைக்காலில் சாய்ந்து உட்கார்ந்தது. வெள்ளை நாய் என் முழங்காலை முகர்ந்தது, யோசித்தது, சுவாரஸ்யமில்லை என்று முடிவு செய்து போய்விட்டது. சொந்தக்காரர் மூச்சிரைக்க வந்தார். "சொன்னேனே சார், ஒண்ணும் பண்ணாதுன்னு!"

"கயிறுல கட்டிக் கூட்டிட்டு வாங்க சார்" என்றேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

திரும்பினால் அவள் நின்றிருந்தாள். வலிக்கிற காலோடு பாலத்தைத் தாண்டி ஓடி வந்திருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மின்தூக்கியா?" என்றாள்.

"வாயில வந்துச்சு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால் வலிக்காக என்றுதான் சொன்னாள்.

அன்றைக்கு மூட்டையின் வயிற்றில் ஏழு முட்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி தாறுமாறு. நானே தடவிப் பார்த்து எடுத்தேன். காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி. அதையும் நானே எடுத்தேன்.

"அப்போ, அக்கா வீடு?" என்று கேட்டேன். கேட்கும்போது மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு? இங்கேயே இருக்கட்டும். தினமும் காலையில நீங்க நடத்துங்க."

"அக்காவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு. பாவம், எதிர்பார்த்துட்டு இருப்பாங்க."

"சொல்லிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை நானும் மூட்டையும் தனியாகவே போய்வந்தோம். காவலர் நோட்டை எடுக்கவில்லை. நான் ஒரு கணவனாக, ஓர் அதிகாரியாக, ஒரு நாயின் பாதுகாவலனாக முழு வெற்றி பெற்றுவிட்டதாக அன்று முழுக்க நம்பினேன். பூட்டுக்காரரிடம் வெள்ளை நாயின் உயரத்தைக் கையால் காட்டினேன். ஒவ்வொரு முறை காட்டும்போதும் கை கொஞ்சம் மேலே போயிற்று.

திங்கட்கிழமை. அஞ்சரை மணி. நான் குளித்து, கயிறு, பாட்டில், பை எல்லாம் எடுத்துவைத்துவிட்டேன். மூட்டை கதவருகே குதித்துக்கொண்டிருந்தது. பேருந்துச் சாவி ஆணியிலேயே தொங்கியது. படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். போர்வைக்குள் ஒரு மலை. மலையின் ஓரத்தில், முழங்கால் கட்டு போட்ட இடது கால், ஒரு தலையணைமேல் சொகுசாக நீட்டியிருந்தது.

பதறிவிட்டேன். "ஏம்மா! எழுந்திரு! அஞ்சரை ஆயிடுச்சு. வண்டி எடுக்கப் போகலையா?"

"எப்பவும் ஏழரைக்குத்தானே எடுப்பேன்" என்றது போர்வை.

"ஷிஃப்ட் மாறிடுச்சுன்னு சொன்னியே?"

"மாறலை."

"அப்போ புதன், வியாழன், வெள்ளியெல்லாம் சீருடை போட்டுட்டு எங்க போன?"

"பாலத்துக்கிட்ட பெஞ்சுல உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திட்டிருந்தேன். நீங்கதான் வரலை."

போர்வையின் ஓரத்தைத் தூக்கினேன். "கால் வலிக்குது, நீங்க நடத்துங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, கால் வலியோட பாதுகாப்பா நடப்பது எப்படின்னு பலகை எழுதி மாட்டியிருப்பீங்க" என்றாள். போர்வை தலைவரை ஏறியது. "போகும்போது கதவை மெதுவாச் சாத்திட்டுப் போங்க."